பவுலின் பயண வரைபடம்: 350 ரூபாய்க்கு மோசமில்லை

ஞாயிறு பள்ளி வகுப்புக்காக வாங்கினேன். இயேசுவைப் பற்றி ஊர் ஊராகப் போதித்த அப்போஸ்தலர் பவுலின் 3 பயணங்களுக்கும் 3 நிறம். ரோமுக்குக் கைதியாகப் போன வழி புள்ளிக்கோடு. இரண்டு அந்தியோகியாவையும் தனித்தனியாகக் குறித்திருப்பது பிடித்தது. இயேசுவின் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதலில் வந்தது சீரியாவிலுள்ள அந்தியோகியாவில். பிசீதியாவில் இருப்பது வேறு ஊர். பிள்ளைகள் மட்டுமா, நானே பல வருடம் குழம்பியிருக்கிறேன்! ஆசியாக் கரையிலுள்ள துரோவாவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள பிலிப்பிக்கு விரலை வைத்து இழுத்துக் காட்டினால், சுவிசேஷம் கடல் தாண்டியது சட்டென்று புரிகிறது. பவுலைத் தங்கவைத்த, இரத்தாம்பரம் (ஊதா நிறத் துணி) விற்ற லீதியாள் வீடு பிலிப்பியில்தான்.

குறை? பச்சையும் நீலமும் பின்வரிசைக்கு ஒன்றுபோலத் தெரிகின்றன. பளபள லேமினேஷனில் ட்யூப்லைட் வெளிச்சம் விழுந்து எபேசு நகரம் மறைந்தே போகிறது. மெலித்தா (இன்றைய மால்டா) தீவுக்குப் பெயரே போடவில்லை. ரோமுக்குப் போகும் வழியில் பவுலின் கப்பல் உடைந்த இடமாயிற்றே! மார்க்கரால் நானே எழுதிவிட்டேன்.