4,850 ரூபாவுக்கு ஒரு மூலக்கூறுப் பெட்டி

திருகோணமலை உவர்மலையில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். சமச்சீரற்ற காபன் வரும் வாரத்தில் மட்டும் கரும்பலகை கைவிட்டுவிடும். நான்கு வேறு அணுக் கூட்டங்கள் உள்ள காபனும் அதன் ஆடி விம்பமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது என்று கோடு போட்டுக் காட்டுவேன். "திருப்பி வைத்தால் பொருந்தும்தானே சேர்?" என்று கடைசி வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். வருடம் தவறாமல் வரும்.

அதற்காகத்தான் மூலக்கூறு மாதிரிகள் பூட்டும் இந்தப் பெட்டியைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். 4,850 ரூபா, கூரியருக்கு 450. கறுப்புப் பந்து காபன், வெள்ளை ஐதரசன், சிவப்பு ஒட்சிசன், நீலம் நைதரசன், பச்சை குளோரீன். பந்துகளில் முளை இருக்கும். சாம்பல் நிறச் சின்னக் குழாய்களைச் செருகிப் பூட்ட வேண்டும்.

கேள்வி கேட்டவனிடமே ஒரு சோடியைப் பூட்டிக் கொடுத்தேன். கால் மணித்தியாலம் திருப்பிப் பார்த்தான். கடைசியில் இரண்டு பந்துகளைக் கழற்றி இடம் மாற்றினான், பொருந்தியது. "அது கள்ளம்" என்று பக்கத்திலிருந்தவள் சொன்னாள். அந்த இடத்திலேயே பெட்டி தன் காசை உழைத்துவிட்டது.

வலம்புரி, இடம்புரி தெரியாத பிள்ளை திருமலையில் இல்லை. கடல் ஏறக்குறைய எல்லாச் சங்கையும் ஒரே பக்கம் முறுக்கித்தான் கரைக்கு அனுப்புகிறது. ஆய்வுகூடக் குடுவைக்கு அந்தப் பழக்கம் இல்லை. மூலக்கூறின் வலது வடிவம் பாதி, இடது வடிவம் பாதி என்று கலந்து கொடுக்கும். ஒன்றை மட்டும் வரவைப்பதுதான் சமச்சீரற்ற தொகுப்பு.

இதை எனக்கே சரியாகக் காட்டியவன் அக்காவின் மகன். வெளிநாட்டில் இதில்தான் ஆராய்ச்சி செய்கிறான். விடுமுறையில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் பியூட்டன்-2-ஓன் என்ற மூலக்கூறைப் பூட்டினான். வளையக்கூடிய நீளக் குழாய் இரண்டு போட்டால் இரட்டைப் பிணைப்பு. அந்தக் காபனைச் சுற்றி எல்லாம் தட்டையாக நிற்கும். ஐதரசன் மேலிருந்து வந்து சேர்ந்தால் ஒரு கை அற்ககோல், கீழிருந்து வந்தால் அதன் ஆடி விம்பமான மற்றக் கை. ஐதரசனைக் கொடுக்கும் சோடியம் போரோஐதரைட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிறகு தன் உள்ளங்கையை மேலே கவிழ்த்து வைத்து, "இப்ப கீழால மட்டும்தான் வரலாம். இந்தக் கையைச் செய்யிறதுதான் மாமா என்ர வேலை" என்றான். அந்தக் கைதான் ஊக்கி, தான் செலவாகாமல் தாக்கத்தை நடத்திவைக்கும் பொருள். நான் இத்தனை வருடம் படிப்பித்தும் கையை வைத்துக் காட்டத் தோன்றவில்லை!

சரி, குறைகள். வெள்ளைப் பந்து முப்பதுதான். தைலத்தில் குளிரும் மென்தோலுக்கு 20 ஐதரசன் வேண்டும். ஆடி விம்பத்தையும் பக்கத்தில் வைக்க 40. மூன்று சமச்சீரற்ற காபன், எட்டு வடிவம், அதில் நன்றாகக் குளிர்வது ஒன்று. அந்த ஒன்றை ஜப்பானில் நொயோரியின் ஊக்கியைக் கொண்டு தொழிற்சாலை அளவில் செய்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் பாதி மூலக்கூறோடு நிற்க வேண்டியிருந்தது. 2001 இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு பெற்ற அவருடைய ஊக்கியில் ருத்தேனியம், ரோடியம் போன்ற உலோகம் இருக்கும். பெட்டியில் உலோகத்துக்குப் பந்தே கிடையாது. 2021 பரிசுக்குப் பிரச்சினை இல்லை. அதில் பங்கு பெற்ற பெஞ்சமின் லிஸ்ட் ஊக்கியாக எடுத்த புரோலீன் வெறும் அமினோ அமிலம், 17 அணு. இடதும் வலதுமாக இரண்டைப் பூட்டியும் 12 வெள்ளைப் பந்து மிஞ்சியது.

குழாய்களின் தரம் மோசம். இரண்டு மாதத்தில் பதினொன்று வாய் பிளந்துவிட்டன. விற்றவருக்கு எழுதினேன்; உதிரியாகத் தருவதில்லையாம், முழுப் பெட்டிதான் வாங்க வேண்டுமாம். சைக்கிள் கடையில் வால்வு ரியூப் வாங்கி வெட்டிப் போட்டேன். கொஞ்சம் துவளும், ஆனால் பிளக்கவில்லை. ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். வாங்குகிறவர்கள் இரண்டு பெட்டியாக வாங்குங்கள், ஐதரசனுக்காக.