வலே பள்ளத்தாக்கின் வைன் கிராமங்கள்: 189 பிராங் வாங்கிக்கொண்டு காட்டியது ஒரு கிட்டங்கி

ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் வந்தால் ரைன் அருவி, டிட்லிஸ், லுசேர்ன் என்று காட்டி முடித்துவிட்டு அடுத்து எங்கே என்று தேடுவது சுவிஸில் இருக்கும் நம் எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான். அப்படித் தேடும்போது வலே கன்டோனின் பழைய வைன் கிராமங்களை ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் பஸ் சுற்றுலா விளம்பரம் கண்ணில் பட்டால், பணம் கட்டுவதற்கு முன் இதை வாசியுங்கள். பணத் தகராறு இன்னும் முடியாததால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. என்ன விற்றார்கள், என்ன கொடுத்தார்கள் என்று சொல்கிறேன். அந்த விளம்பரத்தைக் கண்டால் உங்களுக்கே அடையாளம் தெரியும்.

ஆளுக்கு 189 பிராங். சூரிச்சிலிருந்து அதிகாலையில் சிறிய பஸ், 'உள்ளூர் வைன் நிபுணர்' ஒருவர் வழிகாட்டி. சியேர் நகரத்திலிருந்து சால்கெஷ் கிராமம் வரை திராட்சைத் தோட்டங்களின் ஊடாக நடை, இரு முனைகளிலும் உள்ள வைன் அருங்காட்சியகங்கள், பழைய மாளிகையில் ரக்லெட் என்ற உருக்கிய பாற்கட்டி மதிய உணவு, தலைமுறைகளாக வைன் செய்யும் ஒரு குடும்பத்தின் நிலவறையில் சுவை பார்த்தல், குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு. பிறகு விஸ்பர்டெர்மினனில் 'மேகங்களுக்கு மேலே ஒரு திராட்சைத் தோட்டம்', மாலையில் சாயோன் கிராமத்தில் உலகின் மிகச் சிறிய திராட்சைத் தோட்டம். எங்களுக்குக் கிடைத்த திகதிக்கு 'அறுவடை அனுபவம்' என்று ஒரு வால் வேறு ஒட்டியிருந்தார்கள்.

இந்த இடங்கள் எல்லாம் உண்மையானவை, எல்லாம் அருமையானவை. அதனால்தான் கோபம் ஆறவில்லை.

சியேரையும் சால்கெஷையும் இணைக்கும் அந்தத் திராட்சைப் பாதை சுமார் 6 கிலோமீட்டர்; நிதானமாக நடந்தால் இரண்டரை மணி நேரம். வழியில் ரஸ்பில் ஓடையின் பள்ளத்தைத் தாண்டவேண்டும். அந்த ஓடைதான் மொழி எல்லை. இந்தப் பக்கம் சியேரில் பிரெஞ்சு, அந்தப் பக்கம் சால்கெஷில் ஜெர்மன். சியேர் முனையில் ஷதோ த வில்லா என்ற 16-ஆம் நூற்றாண்டு மாளிகை. அங்கே வலேயின் வெவ்வேறு மலைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வரும் ஐந்து வகைப் பாற்கட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக உருக்கிச் சுரண்டித் தட்டில் வைப்பார்கள். சால்கெஷ் சிறிய ஊர்தான். ஆனாலும் 1988-இலேயே தன் பினோ நுவார் திராட்சைக்குக் கடுமையான விதிகளை வகுத்து 'கிரான் குரு' என்ற தரத்தைக் கொண்டுவந்த ஊர். இதையெல்லாம் கால்நடையாக, நேரம் எடுத்துப் பார்க்கவேண்டும்.

இனி தூரத்தைக் கவனியுங்கள். விஸ்பர்டெர்மினன் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், விஸ்ப் நகரத்துக்கு மேலே ஏறும் வளைவுச் சாலையில் இருக்கிறது. அதன் தோட்டங்கள் 650 மீட்டரிலிருந்து 1,150 மீட்டர் வரை, கல்லடுக்குச் சுவர்கள் தாங்கிய படிப்படியான துண்டு நிலங்களாக ஏறுகின்றன. சாயோன் இருப்பது கீழ்ப்பகுதியில், மார்ட்டினிக்கு அருகே. இரண்டுக்கும் இடையே சாலை வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல். ரயிலுக்கு 2007-இல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் சுரங்கம் இருப்பதால் சூரிச்சிலிருந்து இரண்டு மணி நேரத்தில் விஸ்ப் வந்துவிடும். பஸ்ஸுக்கு அந்தச் சுரங்கம் கிடையாது. எங்கள் பஸ் லொசான், மொந்த்ரே என்று ஜெனீவா ஏரியைச் சுற்றிக்கொண்டு வந்தது. போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. மீதியிருக்கும் நேரத்தில் அந்தப் பட்டியல் முழுவதும் அடங்காது என்பது அதை எழுதியவருக்கு நன்றாகத் தெரியும்.

சிறிய பஸ் என்றார்கள். வந்தது நாற்பதுக்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்டது, ஒன்றுகூட மீதி இல்லை. வைன் நிபுணர் என்று வந்த இளைஞர் ஒலிவாங்கியில் கைப்பேசியைப் பார்த்தே வாசித்தார். கன்டோனின் தலைநகரான சியோன் எந்தப் பக்கம் என்று ஒருவர் கேட்டதற்கு ஓட்டுநர்தான் பதில் சொன்னார்.

சாயோனைத்தான் முதலில் இழந்தோம். நெடுஞ்சாலையில் போகும்போதே, "இடது பக்கம் மேட்டில் தெரிவதுதான் சாயோன், நேரம் கிடைத்தால் திரும்பும்போது நிறுத்துவோம்" என்றார். திரும்பும்போது இருட்டிவிட்டது. அந்த ஊரைப் பற்றி அவர் சொல்லாததை நானாவது சொல்கிறேன். ஜோசப்-சாமுவேல் ஃபரினே என்ற கள்ள நாணயக்காரன், 20 சதக் காசுகளைப் போலியாக அடித்துப் புழக்கத்தில் விட்டவன், 1880-இல் பொலிஸாருக்குத் தப்பி ஓடிச் சாயோனுக்குப் பின்னால் இருக்கும் மலையிடுக்கில் இறந்துபோனான். அவன் நினைவாக 1980-இல் வைத்த தோட்டத்தில் மூன்றே மூன்று திராட்சைக் கொடிகள், பரப்பு 1.618 சதுர மீட்டர். 1999-இல் அது தலாய் லாமாவின் உடைமையானது. கள்ளக் காசுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் அந்த ஊரில் உண்டு. எங்கள் நிறுவனத்தின் விளம்பரத் தாளை அங்கே கொடுத்தால் ஒரு கண்ணாடிப் பெட்டி ஒதுக்குவார்கள்.

சியேரில் இறங்கியதும் அருங்காட்சியகம் பூட்டியிருந்தது. அன்று திங்கட்கிழமை, திங்கட்கிழமைகளில் அது திறப்பதில்லை. சால்கெஷில் உள்ளதும் அதே அருங்காட்சியகத்தின் மறுபாதி என்பதால் அதுவும் பூட்டு. திகதியைத் தேர்ந்து விற்றவர்கள் அவர்கள். "எதிர்பாராத காரணத்தால் மூடியிருக்கிறது" என்று அந்த இளைஞர் சொன்னபோது, கதவில் ஒட்டியிருந்த நேர அட்டவணையை ஒரு ஜெர்மன்காரர் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார். மாளிகையில் மதிய உணவு என்பது மாளிகையின் முன்னால் பத்து நிமிடம் படம் எடுப்பதாகச் சுருங்கியது. சாப்பாடு வேறோர் இடத்தில். ஒரே பாற்கட்டி, ஆளுக்கு இரண்டு சுரண்டல், உருளைக்கிழங்கு இரண்டு. அதற்குமேல் வேண்டுமானால் காசு.

நடைக்கு நேரமில்லை என்று பஸ்ஸிலேயே சால்கெஷுக்குக் கொண்டுபோய், ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தின் ஓரத்தில் இறக்கினார்கள். அறுவடை அனுபவம் இங்கேதான். "ஆளுக்கு ஒரு குலை பறித்துக்கொள்ளலாம்" என்றார் இளைஞர். வலையைத் தூக்கிச் சிலர் கையை நீட்டியதுதான் தாமதம், மேலே இருந்து ஒரு பெண்மணி கையில் கத்தரிக்கோலுடன் இறங்கி வந்தார். அது அவருடைய தோட்டம். யாரும் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. வலேயின் ஜெர்மன் பேச்சுவழக்கு எனக்குப் பாதிதான் விளங்கும். அவர் சொன்னதற்கு அந்தப் பாதியே போதுமாக இருந்தது. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் வேலி இல்லை என்பதால் அந்தத் தோட்டங்கள் பொதுச் சொத்து ஆகிவிடாது. அந்தப் பெண்மணிக்கு அது ஓராண்டு உழைப்பு. அவர் முன்னால் எங்களைத் திருடர்களாக நிற்கவைத்துவிட்டு இளைஞர் பஸ்ஸுக்குள் ஏறிக்கொண்டார்.

கனடாவிலிருந்து வந்திருந்த என் சின்னம்மாதான் அந்தப் பெண்மணியிடம் போய்ச் சைகையால் மன்னிப்புக் கேட்டார். சின்னம்மாவின் மாமனார் உரும்பிராயில் திராட்சைப் பந்தல் போட்டிருந்தவர். தலைக்கு மேலே பந்தலில் படரும் யாழ்ப்பாணத்துத் திராட்சையைக் கண்டவருக்கு, மலைச்சரிவில் இடுப்பளவு உயரத்தில் வரிசை கட்டி நிற்கும் கொடிகளைக் காணவேண்டும் என்று ஆசை. நான் இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். சின்னம்மா ஒரு கொடியைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்க, அந்தப் பெண்மணி கோபம் தணிந்து, சுண்ணாம்புக் கற்கள் நிறைந்த மண்ணை அள்ளிக் காட்டினார். பொது மொழி ஒன்றும் இல்லாமல் இருவரும் பேசிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிடங்கள்தான் அன்று நாங்கள் கண்ட ஒரே வைன் கிராமம். அதற்குள் பஸ் ஒலி எழுப்பியது.

அடுத்தது 'குடும்ப நிலவறை'. இதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலைக்கு அருகே, டயர்க் கடைக்கும் மரச்சாமான் கடைக்கும் நடுவில் ஒரு தகரக் கிட்டங்கி. நிலவறை வேண்டும் என்பதற்காக ஒரு மூலையில் பீப்பாய்கள் இரண்டை நிறுத்தி மஞ்சள் விளக்கு போட்டிருந்தார்கள். பின்னால் போய்த் தட்டிப் பார்த்த ஒருவர், அவை வெறும் பீப்பாய்கள் என்று வந்து சொன்னார். ஆளுக்கு மூன்று மிடறு ஊற்றினார்கள். பிறகு கதவருகே பணம் வாங்கும் மேசை, கையில் கட்டளைப் படிவம். ஆறு போத்தல் வாங்கினால் வீட்டுக்கு அனுப்புகிறோம், இன்று மட்டும் தள்ளுபடி, ஊரிலேயே கிடைக்காது. 39 பிராங்குக்குத் தள்ளிய ஒரு ஃபாந்தானின் பின்பக்கச் சிட்டையைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். போத்தலில் அடைத்த நிறுவனத்தின் பெயரைக் கொண்டு தேடினால் அவர்களுடைய விலைப் பட்டியலில் அதே வைன் 14.50. ஃபாந்தான் என்பது வலேயில் அன்றாடம் குடிக்கும் வெள்ளை வைன். அதை யாரும் நகை விலைக்கு விற்பதில்லை.

சின்னம்மா குடிப்பதில்லை. அவருக்கான திராட்சைச் சாறுக்கு 2 டெசிலிட்டர் 7 பிராங் கேட்டார்கள். விளம்பரத்தைக் காட்டினேன். "அது பழைய விளம்பரம்" என்றார் இளைஞர். அந்தக் கிட்டங்கிக்கும் சுற்றுலாக்காரருக்கும் இடையே என்ன ஒப்பந்தம் என்று எனக்கு எழுத்தில் யாரும் காட்டவில்லை. ஆனால் ஒவ்வொரு கட்டளைப் படிவத்திலும் எங்கள் பஸ்ஸின் எண்ணை எழுதித்தான் முத்திரை குத்தினார்கள்.

விஸ்பர்டெர்மினனைப் பற்றி யாரும் அதன்பின் பேசவே இல்லை. மேகங்களுக்கு மேலே இருக்கும் தோட்டம் மேகங்களுக்கு மேலேயே இருந்துவிட்டது.

திரும்பி வந்து முறைப்பாடு எழுதினேன். முதலில் பதில் இல்லை. இணையத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு விமர்சனம் எழுதிய மறுநாளே பதில் வந்தது: விமர்சனத்தை நீக்கினால் 40 பிராங்குக்கு அடுத்த பயணக் கழிவுச் சீட்டு. அடுத்த பயணம்! சட்டத்தைத் தேடிப் பார்த்தபோதுதான் இவர்கள் ஏன் ஒருநாள் பயணமாகவே விற்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தது. சுவிஸில் 1993-ஆம் ஆண்டின் தொகுப்புப் பயணச் சட்டம் இருக்கிறது. சொன்னதைச் செய்யாத பயண நிறுவனத்தைப் பொறுப்பாக்கும் சட்டம் அது. ஆனால் 24 மணி நேரத்துக்கு மேற்பட்ட, அல்லது ஓர் இரவுத் தங்கல் உள்ள பயணங்களுக்கு மட்டுமே பொருந்தும். காலையில் ஏற்றி இரவில் இறக்கிவிட்டால் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கலாம். பிறகு சாதாரண ஒப்பந்தச் சட்டம்தான் துணை. இணையத்தில் வாங்கியதை யோசித்து இரத்துச் செய்யும் பொது உரிமையும் இந்த நாட்டில் கிடையாது. ஜெர்மனியில் இருக்கும் உறவினர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

கடன் அட்டையில் கட்டிய என் பங்குக்கும் சின்னம்மாவின் பங்குக்கும் அட்டை நிறுவனத்திடம் ஆட்சேபம் கொடுத்திருக்கிறேன். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு, பூட்டிய கதவின் படம், நேர அட்டவணை, சாறுக்குக் கொடுத்த ரசீது எல்லாவற்றையும் இணைத்தேன். எங்களோடு வந்த இன்னொரு குடும்பம் ட்விண்ட் என்ற கைப்பேசிப் பணச் செயலியில் அனுப்பியிருந்தது. அதற்கு அப்படித் திருப்பிக் கேட்கும் வழி இல்லை. இந்த நிறுவனம் ட்விண்டில் கட்டினால் 10 பிராங் குறைப்பு என்று ஆசை காட்டுவதை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன்.

வலேக்குப் போகவே வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் போங்கள், ரயிலில் போங்கள். சூரிச்சிலிருந்தும் பேர்ணிலிருந்தும் விஸ்ப்பில் மாறி சியேருக்குப் போகலாம். பாதித் தள்ளுபடி அட்டை வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே நாள் டிக்கெட் எடுத்தால், மதிய உணவையும் சேர்த்தாலும் 189-ஐ நெருங்காது. சியேரில் இறங்கி நடக்கத் தொடங்கினால் சால்கெஷில் ரயில் ஏறலாம். சியேருக்கு அடுத்த நிறுத்தமே அதுதான். பாதை நெடுகப் பலகைகள் உண்டு, வழிகாட்டி தேவையில்லை. அருங்காட்சியகம் குளிர்காலத்திலும் மூடியிருக்கும். வார இறுதியில் போவது நல்லது. வயதானவர்கள் கூட இருந்தால் நடையைப் பாதியாக்கி, சால்கெஷ் நிலையத்திலிருந்து ஊருக்குள் மட்டும் சுற்றினாலும் குறையில்லை. தானே பயிரிட்டுத் தானே வைன் செய்பவர்களின் கதவில் 'விஞ்ஞெரோன்-ஆன்காவர்' என்றோ அதன் ஜெர்மன் வடிவமோ எழுதியிருக்கும். முன்னரே தொலைபேசியில் கேட்டுப் போனால் வரவேற்பார்கள். அறுவடை நேரத்தில் மட்டும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. கூட்டம் பிடிக்குமென்றால் மே மாத வாக்கில் வரும் இயேசு விண்ணேற்ற விடுமுறையில் வலே முழுவதும் நிலவறைகளைத் திறந்துவைப்பார்கள். விஸ்பர்டெர்மினனுக்கு விஸ்ப்பிலிருந்து மஞ்சள் தபால் பஸ் ஏறுகிறது. அதைச் சாயோனோடு ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

உணவகத்தில் வைன் கேட்டால் விலைப்பட்டியலில் எத்தனை டெசிலிட்டருக்கு என்ன விலை என்று எழுதியிருக்கவேண்டும், அது விதி. எழுதாத இடத்தில் உட்காராதீர்கள். பரிமாறும் கூலி விலைக்குள்ளேயே அடக்கம். கிட்டங்கியில் எங்களிடம் தனியாக 'சேவைக் கட்டணம்' கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டு இன்னும் போகாதவர்கள், உங்கள் திகதி எந்தக் கிழமை என்று முதலில் பாருங்கள். பிறகு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில், தொலைபேசியில் அல்ல, இவற்றைக் கேளுங்கள்: எந்த நிலவறை, அதன் பெயரும் முகவரியும் என்ன, எத்தனை மணிக்குச் சாயோனில் நிற்போம், எவ்வளவு நேரம் நடப்போம். அந்தப் பதில், அல்லது பதில் வராத அந்த மின்னஞ்சல், அட்டை நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஆவணங்களில் முதலாவதாக இருக்கட்டும். என்னிடம் அவர்கள் கேட்ட முதல் ஆவணமே, பயணத்துக்கு முன் நிறுவனம் எழுத்தில் என்ன உறுதி கொடுத்தது என்பதுதான்.