பத்து நாளில் ‘லெவல் 3’ சான்றிதழா? பி.டி. (வெடிகுண்டு அகற்றும்) பிரிவிலிருந்து ஓய்வு பெறுவோர் கவனத்துக்கு

புதுச்சேரியில் அலுவலகம், கடலூரில் வசூல் என்று ஒரு பயிற்சி நிறுவனம் நடந்துகொண்டிருக்கிறது. ராணுவத்தில் வெடிகுண்டு அகற்றும் வேலை பார்த்து ஓய்வு பெறுபவர்கள்தான் அவர்கள் குறி. மெட்ராஸ் சாப்பர்ஸ், ஆர்ட்னன்ஸ் கோர் இரண்டிலிருந்தும் வரும் நாயக், ஹவில்தார் ரேங்க் ஆட்கள் பலர் பணத்தை இழந்திருக்கிறார்கள். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. நாளைக்கே வேறு போர்டு மாட்டிக்கொண்டு இதையே செய்வார்கள் என்பதால், ஏமாற்றும் விதத்தை விவரமாக எழுதுகிறோம்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த சூட்டோடு போன் வரும். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன், பி.எஃப். எல்லாம் கைக்கு வந்து சேரும் நேரம் அது. முதலில் பதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். அடுத்து ‘சர்வதேசப் பயிற்சி’ என்று 1,60,000. அதன்பிறகு ‘விசா பிராசசிங்’ என்று 75,000. எதற்கும் ஜிஎஸ்டி ரசீது கிடையாது. பணம் ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்குப் போகும். பாஸ்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் புக்கையும் ஒரிஜினலாகவே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஒரு ஹாலில் பத்து நாள் புரொஜெக்டர் வகுப்பு, நான்கைந்து பிளாஸ்டிக் கண்ணிவெடி மாதிரிகள், கடைசி நாளில் குரூப் போட்டோ. கையில் கொடுப்பது ஐ.நா. சின்னம் போட்ட ‘ஐமாஸ் இ.ஓ.டி. (வெடிபொருள் அகற்றல்) லெவல் 3’ சான்றிதழ். ஈராக்கில் மாதம் இரண்டரை லட்சம் சம்பளம் என்ற பேச்சு, சில மாதத்தில் ‘இப்போதைக்கு விசிட் விசாவில் துபாய் போங்கள், அங்கிருந்து அனுப்புகிறோம்’ என்பதில் வந்து நிற்கும்.

அந்தச் சான்றிதழ் ஏன் செல்லாது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றது தானாக விளங்கும். ஐமாஸ் என்பது கண்ணிவெடி அகற்றும் பணிக்கான சர்வதேசத் தரநிலைகளின் தொகுப்பு. அதைப் பராமரிப்பது ஐ.நா.வின் கண்ணிவெடி நடவடிக்கைப் பிரிவான அன்மாஸ். அது தனி ஆட்களுக்குச் சான்றிதழ் வழங்கும் அமைப்பு அல்ல. ஆகவே ஐ.நா. சின்னத்தோடு ஒரு தனியார் நிறுவனம் லெவல் சான்றிதழ் கொடுத்தால் சின்னத்தைப் பார்த்த இடத்திலேயே சந்தேகப்பட வேண்டும். பயிற்சி கொடுத்தவர் யார், எந்தப் பாடத்திட்டம், எத்தனை நாள், எந்த வகை வெடிபொருள்கள், தேர்வு வைத்தவர் யார் என்பதைத்தான் வேலை தரும் அமைப்பு பார்க்கும். அதற்கு மேல், எந்த நாட்டில் வேலையோ அந்த நாட்டின் கண்ணிவெடி நடவடிக்கை ஆணையம் அந்த அமைப்புக்கும் அதன் குழுக்களுக்கும் அங்கீகாரம் தர வேண்டும்.

லெவல்கள் என்ன சொல்கின்றன என்று ஐமாஸ் 09.30 என்ற தரநிலை தெளிவாகப் பிரித்திருக்கிறது. லெவல் 1 முடித்தவர், தான் பயிற்சி பெற்ற வகையைச் சேர்ந்த ஒற்றைப் பொருளைக் கண்டுபிடித்து, மண்ணை விலக்கி, இருந்த இடத்திலேயே அழிக்கலாம். லெவல் 2 முடித்தவர், ஒன்றை நகர்த்தலாமா கூடாதா என்று முடிவு செய்து எடுத்துச் செல்லலாம், பலவற்றைச் சேர்த்து அழிக்கலாம். பலவகை வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் முறைகள் வருவது லெவல் 3இல்தான். ஐ.ஈ.டி. எனும் நாட்டு முறையில் தயாரித்த வெடிகுண்டுகளை அகற்றுவதற்கு 09.31 என்று தனித் தரநிலையே இருக்கிறது. கொசோவோவில் உள்ள மேட் கொசோவோ போன்ற பயிற்சி மையங்களில் இந்தப் பயிற்சிகள் வாரக்கணக்கில் நடக்கும். உண்மையான வெடிபொருளை வைத்து அழித்துக் காட்டாமல் யாரும் தேற முடியாது.

இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனம் வெடிபொருளைத் தொட வேண்டுமென்றால் வெடிபொருள் விதிகள் 2008இன்படி மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1908ஆம் ஆண்டு வெடிபொருள் பொருட்கள் சட்டம் பாயும். எனவே பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்: டிமாலிஷன் ரேஞ்ச் (வெடிபொருளை அழித்துப் பழகும் திடல்) எங்கே? வெடிபொருள் யாருடைய உரிமத்தில் வருகிறது, மேகசின் (வெடிபொருள் கிடங்கு) எங்கே இருக்கிறது? வெடிக்கும் நாளில் ஆம்புலன்சுக்கும் மருத்துவ உதவிக்கும் யார் பொறுப்பு? இந்த நிறுவனத்திடம் மூன்றுக்கும் பதில் இல்லை. ரேஞ்சே இல்லாத இடத்தில் லெவல் 1 கூட முடிக்க முடியாது. அவர்கள் கொடுத்ததோ லெவல் 3. பி.டி. கம்பெனியில் பத்து வருடம் இருந்த ஒருவருக்கு இருக்கும் உண்மையான தகுதியைவிட இந்தக் காகிதத்தின் மதிப்பு மிகக் குறைவு. நேர்முகத்தில் அதை நீட்டினால், கூட இருக்கும் நல்ல சான்றிதழ்களையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள். பணம் போனதைவிட எங்களுக்கு ஆத்திரம் இதில்தான்.

வேலை வாக்குறுதியிலும் ஓட்டை இருக்கிறது. ஹேலோ டிரஸ்ட், மேக் போன்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்புகள் களத்தில் மண்ணைத் தேடும் வேலைக்குப் பெரும்பாலும் அந்தந்த நாட்டு மக்களையே எடுக்கின்றன. இலங்கையில் வன்னிப் பகுதியில் அப்படித்தான் நடந்துவருகிறது. வெளிநாட்டவர் போவது பெரும்பாலும் டெக்னிக்கல் அட்வைசர், ஃபீல்ட் மேனேஜர் போன்ற பொறுப்புகளுக்கு. அங்கே ஆங்கிலத்தில் தினசரி அறிக்கை எழுதவும், வரைபடத்தில் பணியைத் திட்டமிடவும், உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். ‘இந்தியாவிலிருந்து நூறு டீமைனர் (கண்ணிவெடி அகற்றுபவர்) வேண்டும்’ என்ற விளம்பரத்தை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான். ஐ.நா. அமைப்புகள் ஆளெடுப்பில் எந்தக் கட்டத்திலும் கட்டணம் வாங்குவதில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் உண்டா, இன்னும் செல்லுபடியாகிறதா என்பதை மத்திய அரசின் ஈ-மைக்ரேட் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட் கூட வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். ‘நீங்கள் பத்தாவது பாஸ், ஈ.சி.என்.ஆர்., உங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை’ என்று மழுப்புவார்கள். ஈ.சி.என்.ஆர். என்பது உங்களுக்கு அரசின் குடிபெயர்வு கிளியரன்ஸ் தேவையில்லை என்பதைக் குறிக்கும். ஏஜென்டுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆகாது. விசிட் விசாவில் போனால் பதிவான ஒப்பந்தம் இருக்காது. கை கால் போனால் இழப்பீடு கேட்க ஆதாரமே இருக்காது. ரஷ்யாவுக்கு ‘ஹெல்பர்’ வேலை என்று போன இந்தியர்கள் போர்முனைக்கு அனுப்பப்பட்டதும், 2024 மார்ச்சில் சிபிஐ வழக்குப் போட்டதும் எல்லோருக்கும் தெரியும். வெடிகுண்டு வேலை தெரிந்த ஆளை அப்படிப்பட்ட இடத்தில் என்ன செய்யச் சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதே நிறுவனம் உள்ளூர் வேலைக்கும் இரண்டு குறுக்குவழி விற்கிறது.

ஒன்று, ‘பி.டி. ஆட்களுக்குத் தேர்வில்லாமல் பிளாஸ்டர் லைசென்ஸ்’, அதாவது குவாரியிலும் சுரங்கத்திலும் வெடி வைப்பவருக்கான உரிமம். வானூர், திருவக்கரைப் பக்கம் கல்குவாரிகள், இந்தப் பக்கம் நெய்வேலி சுரங்கம் என்று இருப்பதால் இது எளிதில் விலை போகிறது. கல்குவாரிக்குப் பொருந்தும் விதிகள் மெட்டாலிஃபெரஸ் மைன்ஸ் ரெகுலேஷன்ஸ் 1961, நெய்வேலி பழுப்பு நிலக்கரிக்குக் கோல் மைன்ஸ் ரெகுலேஷன்ஸ் 2017. இரண்டிலும் பிளாஸ்டர், ஷாட் ஃபயரர் சான்றிதழைக் கொடுப்பது மத்திய அரசின் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகமான டிஜிஎம்எஸ். சுரங்கத்தில் வேலை பார்த்த அனுபவச் சான்று, முதலுதவிச் சான்று, தேர்வு எல்லாம் உண்டு. ராணுவ சர்வீஸ் இவற்றுக்கு ஈடாகாது. வேலையின் தன்மையும் வேறு. நாம் பழகியது பிளாஸ்டிக் எக்ஸ்ப்ளோசிவ், டெட்டனேட்டிங் கார்ட், ஒற்றைப் பொருளை அழிப்பது. குவாரியில் வரிசையாகத் துளை போட்டு, எமல்ஷன் வெடிபொருள் நிரப்பி, ஒவ்வொரு துளைக்கும் டிலே (வெடிக்கும் நேர இடைவெளி) கொடுத்துப் பாறையை உடைப்பார்கள். அங்கே தவறு நடப்பது பெரும்பாலும் பர்டன் (துளைக்கும் பாறையின் திறந்த முகத்துக்கும் உள்ள தூரம்) அளவிலும் ஸ்டெம்மிங்கிலும் (துளையின் வாயை அடைப்பது). ஸ்டெம்மிங் குறைந்தால் கல் பறந்து ஊருக்குள் விழும். மேலும் எலெக்ட்ரிக் டெட்டனேட்டர்களுக்கு நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் தடை. இந்த நிறுவனத்தின் பாடப் புத்தகத்தில் இன்னும் எலெக்ட்ரிக் சர்க்யூட் கணக்குதான் இருக்கிறது.

மற்றொன்று, சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளில் ‘சேஃப்டி ஆபீசர் வேலை உறுதி’. தொழிற்சாலைகளில் சட்டப்படியான சேஃப்டி ஆபீசர் பதவிக்குப் பொறியியல் அல்லது அறிவியல் படிப்பு, தொழிற்சாலை அனுபவம், அரசு ஏற்கும் தொழில் பாதுகாப்புப் பட்டயம் மூன்றும் வேண்டும். நெபோஷ் என்ற பிரிட்டிஷ் பாதுகாப்புச் சான்றிதழ் மட்டும் இதற்குப் போதாது. வளைகுடா வேலைக்கு அது உதவும், அதையும் நெபோஷ் தளத்தின் பட்டியலில் இருக்கும் பயிற்சி மையத்தில்தான் படிக்க வேண்டும். பதினைந்து வருட சர்வீசுக்குக் கிடைக்கும் பட்டதாரிச் சமநிலை சில குரூப் சி அரசுப் பணிகளுக்கு மட்டுமே. தொழில்நுட்பப் பதவிக்கு அதைக் காட்ட முடியாது. படிப்புத் தகுதி இருப்பவர்கள் சென்னை தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழில் பாதுகாப்பு மேல்நிலைப் பட்டயத்துக்கு முயலுங்கள். தகுதி இல்லாதவர்கள் ஃபயர், பெர்மிட் டு வொர்க் (ஆபத்தான பணிக்கு எழுத்து அனுமதி தருவது) போன்ற மேற்பார்வை வேலைகளில் நுழைந்து அனுபவம் சேர்ப்பதுதான் நேரான வழி.

இன்னும் சர்வீஸில் இருப்பவர்களுக்கு: ஓய்வுக்கு முன் பாதுகாப்புத் துறையின் மறுவாழ்வு இயக்குநரகமான டிஜிஆர் நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகள் உண்டு, ஜவான்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் கட்டணம் கிடையாது. அதை விட்டுவிட்டு வெளியே வந்து லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். செய்த ஒவ்வொரு கோர்ஸுக்கும் நாள் கணக்கும் பாடத்தலைப்பும் உள்ள சான்றை யூனிட்டிலேயே வாங்கிவிடுங்கள்; ‘பி.டி. குவாலிஃபைட்’ என்ற ஒற்றை வரி வெளிநாட்டு அமைப்புகளுக்குப் புரியாது. பயோடேட்டாவில் இடம், ஆபரேஷன் பெயர், கருவி விவரம் எதையும் எழுதக் கூடாது. வெளியே வந்துவிட்டவர்கள் கடலூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தையும், புதுச்சேரியில் சைனிக் வெல்ஃபேர் துறையையும் முதலில் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் செய்ய வேண்டியது இது. ஜிபேயில் அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். மணிக்கணக்கு தாமதித்தாலும் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். ‘அலுவலகம் புதுச்சேரியில், இது எங்கள் எல்லை இல்லை’ என்று கடலூரில் சொன்னால், பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173ஆம் பிரிவின்படி எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை பதியலாம் என்று எழுத்தில் கேளுங்கள். மோசடிக்குப் பொருந்துவது பிஎன்எஸ் (புதிய தண்டனைச் சட்டம்) 318ஆம் பிரிவு. லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுத்ததற்குச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்குத் தனிப் புகார். பாஸ்போர்ட்டைத் தர மறுத்தால் அதையும் புகாரில் சேருங்கள். அது இந்திய அரசின் சொத்து, ஏஜென்ட் அடகு வைத்துக்கொள்ள முடியாது. நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, காலக்கெடு இரண்டு வருடம்.

புகார் போனதும் அவர்கள் ‘பாதிப் பணம் தருகிறோம், சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து முழுத் திருப்தி என்று கையெழுத்துப் போடுங்கள்’ என்று கேட்கிறார்கள். ஐ.நா. சின்னம் போட்ட அந்தக் காகிதம்தான் உங்களிடம் இருக்கும் முக்கியமான சாட்சியம். பணம் தந்தால் வங்கி வழியாக வாங்கிக்கொள்ளுங்கள், காகிதத்தை மட்டும் போலீசார் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள்.