ரோமானியக் குடிமகன் என்று நிரூபிக்க: மரப்பலகையா, வெண்கலத் தகடா?

சரித்திர நாவல் ஒன்று எழுதுகிறேன். நாயகன் சீமைவிட்டுச் சீமை போகும் ரோமானியக் குடிமகன். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஊரில் அவனை யார் நம்புவார்கள்? அவன் மூட்டையில் எந்த அத்தாட்சியை வைப்பது என்று அலசி, கடைசியில் வெண்கலத் தகட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

டோகா என்ற ரோமானிய மேலாடையும், ரோமானியருக்கே உரிய மூன்று பகுதிப் பெயரும் அத்தாட்சியில் சேராது. துணி வாங்கியவர் யாரும் உடுத்தலாம், பெயரை யாரும் சூட்டிக்கொள்ளலாம். வாய்ச்சொல்லின் கதியோ எதிரில் நிற்பவரைப் பொறுத்தது. எருசலேமில் கிறிஸ்தவத் தூதர் பவுல் தான் ரோமன் என்று சொன்னதுமே, கட்டிவைத்த படைத்தலைவன் பயந்து போனான். அதே சொல்லைச் சிசிலித் தீவின் மெஸ்ஸானா நகரில் காவியுஸ் என்பவன் சவுக்கடிக்கு நடுவே கத்தியும், ஆளுநர் வெர்ரெஸ் அவனைச் சிலுவையில் அறைந்தான். பொய் சொல்லிப் பிடிபட்டாலும் ஆபத்துதான். அப்படிப்பட்டவர்களைப் பேரரசர் கிளாடியஸ் ரோமின் எஸ்குவிலின் வெளியில் தலையை வெட்டச் செய்தார்.

குடிக்கணக்குப் பட்டியல் இருக்கிறதே என்பீர்கள். கவிஞர் ஆர்கியாஸின் குடியுரிமை வழக்கு கி.மு. 62இல் நடந்தபோது, அவர் பதிவான ஹெராக்ளியா ஊரின் ஆவணக் காப்பகம் போரில் எரிந்து போயிருந்தது. கணக்கெடுப்பு நேரத்தில் அவர் தளபதி லுகுல்லுஸின் படையோடு வெளியூரில் இருந்ததால் ரோமாபுரிப் பட்டியலிலும் பெயரில்லை. பேர்பெற்ற வழக்கறிஞர் சிசரோ சாட்சிகளை நிறுத்தி வாதாட வேண்டியதாயிற்று. எல்லோருக்கும் சிசரோ கிடைப்பாரா?

ஆக, மிஞ்சுவது இரண்டு. முதலாவது பிறப்புப் பதிவு. பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், கி.பி. 4, 9 ஆண்டுச் சட்டங்களின் வழியாக வந்தது. குழந்தை பிறந்து 30 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அலெக்சாந்திரியாவில் இந்தப் பதிவுகளைப் பொது மண்டபத்தில் ஒட்டிவைப்பார்கள். அதைப் பார்த்து மெழுகு பூசிய இரட்டை மரப்பலகையில் நகல் எடுத்து, ஏழு சாட்சிகளின் முத்திரை வாங்கிக்கொள்ளலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நகல்களிலேயே ஒரு வாசகம் வருகிறது: 'விசாரணை ஏதும் இன்றி'. என் முடிவைத் தீர்மானித்தது அந்த வரிதான். அதிகாரி பதிந்தது குழந்தை குடிமகன் என்பதை அல்ல. குடிமகன் என்று வீட்டார் சொன்னதை. போதாக்குறைக்கு, முறையான திருமணத்தில் பிறவாத பிள்ளைக்கு அந்தப் பதிவேட்டில் இடமே இல்லை. மணமுடிக்கத் தடையிருந்த சிப்பாய்கள் சாட்சிகளைக் கூட்டித் தனியாக எழுதிவைத்தார்கள்.

இரண்டாவது வெண்கலத் தகடு: படைச் சேவைக்காகக் குடியுரிமை தந்ததற்கான அத்தாட்சி. கிளாடியஸ் காலத்தில் தொடங்கியது. 25 ஆண்டு சேவை முடித்த துணைப்படை (பெரும்பாலும் குடிமக்கள் அல்லாதோர் சேர்ந்த படை) வீரருக்கும், இன்னும் கூடுதலாக உழைத்த கடற்படையினருக்கும் உரியது. இரண்டு தகடுகள், உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை அதே வாசகம். துளைகளில் கம்பி கோத்து முறுக்கி, மேலே ஏழு சாட்சிகளின் முத்திரை. வெளிப்புற எழுத்தை எவனாவது திருத்தினால், முத்திரையை உடைத்து உள்வாசகத்தோடு ஒப்பிட்டால் போதும். மரப்பலகையிலும் இந்த இரட்டை எழுத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இங்கே பேசுவது தகப்பன் அல்ல, பேரரசர். அவருடைய ஆணை, தேதி, படைப்பிரிவு, தளபதி எல்லாம் வரிசையாக வரும். அசல் ரோமில் எந்தச் சுவரில் பதித்திருக்கிறது என்பதும் அதிலேயே இருக்கும்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள மால்பாஸ் தகடு என்ற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசர் டிராஜன் ஆட்சியில், கி.பி. 103 ஜனவரி 19 தேதியிட்டது. செவெருஸ் மகன் ரெபுர்ருஸ், ஸ்பெயின்காரன், பன்னோனியக் குதிரைப்படைப் பிரிவில் அதிகாரி. ஊர், தகப்பன் பெயர், பிரிவு என்று ஆளை அடையாளம் காட்ட வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது.

எது சுமை, எது சீக்கிரம் சிதையும் என்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தவனில்லை. படங்களையும் வாசகங்களையும் வைத்துச் சொல்கிறேன்.

வெண்கலத்திலும் குறை உண்டு. பிறவிக் குடிமகனுக்கு அது பெரும்பாலும் கிடைக்காது. குடிமகனாகவே லெஜியன் என்ற ரோமானிய முதன்மைப் படையில் சேர்ந்தவனுக்கும் சாதாரணமாகக் கிடையாது. அவர்களுக்கு விசாரணையற்ற பலகையே கதி. துணைப்படைத் தகட்டிலும் ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: ரெபுர்ருஸ் காலத்தில் பிள்ளைகளுக்கும் சேர்த்தே குடியுரிமை வந்தது. கி.பி. 140 வாக்கில் அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள்.