ஃபைபர் படகுக்கு அவுட்போர்டா, லாங் டெயிலா?

ஆறு வருடம் லாங் டெயில் டீசல் என்ஜின் ஓட்டினேன். இப்போது நான்கு வருடமாக அவுட்போர்டு, அதாவது கியரும் ப்ரொபல்லரும் சேர்த்தே படகின் பின்புறம் மாட்டும் என்ஜின். இரண்டுமே ஒரே ஃபைபர் படகில்தான், பழையாறிலிருந்து கொள்ளிடம் முகத்துவாரம் தாண்டிப் போய் வரும் தொழில். புதிதாகப் படகு இறக்குகிறவர்கள் கேட்டால் அவுட்போர்டு என்றுதான் சொல்வேன்.

வேகம், சத்தம், அதிர்வு எல்லாவற்றிலும் அவுட்போர்டு மேல். எரிபொருள் செலவில் டீசல் மேல். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆட்கள் தயங்குவது பராமரிப்பை நினைத்துத்தான்.

அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. லாங் டெயிலில் தண்ணீருக்குள் கியரே கிடையாது. நீளத் தண்டு சுற்றுகிறது, நுனியில் ப்ரொபல்லர், அவ்வளவுதான். தண்டைத் தாங்கும் புஷ்ஷுக்கு கிரீஸ் வைத்தால் போதும். காற்றில் குளிரும் என்ஜின் என்பதால் தண்ணீர் பம்பும் இல்லை. அவுட்போர்டிலோ கியர் பெட்டி கடலுக்குள்ளேயே கிடக்கிறது. உப்புத் தண்ணீரை உள்ளே விடாமல் தடுப்பது ரப்பர் உதடு வைத்த சின்ன ஆயில் சீல்.

முதல் வருடம் அந்த சீலில்தான் அடி வாங்கினேன். அறுந்த தங்கூசி வலை நரம்பு ப்ரொபல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றி, சீலை அறுத்துவிட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கியர் கடகடவென்று சத்தம் போட்ட பிறகு ஆயிலை வடித்தால், தண்ணீர் கலந்து பால் ஊற்றிய காப்பி நிறத்தில் வந்தது. பல் தேய்ந்து, பேரிங் துருப்பிடித்து, கியர் பெட்டியே புதிதாக மாற்ற வேண்டியதாயிற்று.

இப்போது நூறு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை கியர் பெட்டி ஆயிலை மாற்றுகிறேன். என்ஜினைக் கழற்றி மர ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, கியர் பெட்டியின் கீழ் திருகை முதலில் கழற்றி, அப்புறம் மேல் திருகு. முதலில் சொட்டுவதை நன்றாகப் பார்க்க வேண்டும். கனமான தண்ணீர் அடியில் தங்கியிருக்கும், அதுதான் முன்னால் வரும். கீழ் திருகில் காந்தம் இருந்தால் மாவு மாதிரி ஒட்டியிருப்பது சாதாரணம், சில்லு சில்லாக இருந்தால் கியர் உடைகிறது. புது ஆயிலைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும். மேலே இருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொண்டு, நிரம்பிய மாதிரி ஏமாற்றும். மேல் ஓட்டையில் வழிந்ததும் முதலில் மேல் திருகை மூடி, பிறகு கீழே. இரண்டு வாஷரும் புதிதாகப் போட வேண்டும். ஒரு முறை கடையில் பழைய வாஷரையே போட்டு அனுப்பிவிட்டார்கள், இரண்டு வாரத்தில் தண்ணீர் புகுந்தது. அன்றிலிருந்து நானே செய்கிறேன். அரை மணி நேர வேலை.

வலை சிக்கிய நாளில் ப்ரொபல்லரைக் கழற்றி நரம்பு இருக்கிறதா என்று பார்க்காமல் மறுநாள் கடலுக்குப் போவதில்லை. என்ஜின் உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபட வைத்திருக்கும் ஜிங்க் (துத்தநாக) கட்டி பாதி கரைந்ததும் மாற்றிவிடுகிறேன். அதன்மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் அது வேலை செய்யாமல் என்ஜின் உலோகம் அரிக்கப்படும். ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கி வரும்போது என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மணல் தின்னும். பக்கத்தில் பீய்ச்சும் தண்ணீர் மெலிந்தால் உடனே நிறுத்த வேண்டும். கரை வந்ததும் டிரம் நிறைய நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓட்டுவேன்.

வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளில் செயில்டிரைவ் என்று வருவதும் இதே அமைப்புதான், கியர் தண்ணீருக்குள். அதில் பல வகைகளுக்கு ஆயில் வடிக்கவே படகைக் கரையேற்ற வேண்டும். நமக்கு என்ஜினைத் தோளில் தூக்கி வந்தால் முடிந்தது.

முத்துப்பேட்டை காயல் மாதிரி ஆழமில்லாத சேற்றுத் தண்ணீரிலேயே தொழில் என்றால் மட்டும் லாங் டெயிலை விடச் சொல்ல மாட்டேன். தண்டைச் சட்டென்று தூக்கித் திட்டைத் தாண்டலாம், சேறு உறிஞ்சும் பம்பும் அதில் இல்லை.

நான் சொன்னதெல்லாம் எரிபொருளோடு ஆயில் கலந்து ஓடும் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு அனுபவம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் மச்சான் படகில் நாலைந்து முறை போனதோடு சரி. என்ஜின் ஆயில் தனியாக மாற்ற வேண்டும், எடையும் கூடுதல். கியர் பெட்டிப் பக்கம் பார்த்தால் அதே இரண்டு திருகு, அதே சீல்.