85ஆ, 65ஆ, 56ஆ? வேட்டைக்கு நடுத்தர விலை ஸ்பாட்டிங் ஸ்கோப்: ஓர் ஒப்பீடு

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ட்ரைபாடில் வைத்துத் தொலைவைப் பார்க்கும் ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி. அதன் பெட்டியின் மேல் 20-60x85 (20 முதல் 60 மடங்கு உருப்பெருக்கம், 85 மி.மீ. முன் லென்ஸ்) என்று போட்டிருந்தால் வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது 60தான். விற்கிறவரும் அதைத்தான் காட்டுவார். ஆனால் நடுத்தர விலை ஸ்கோப்பில் அந்த 60 பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கிறது. 40-ஐத் தாண்டித் திருப்பினால் உருவம் பெரிதாகும், கூடவே இருட்டும், ஓரங்கள் கரையும். கொம்பில் எத்தனை கிளை என்ற கேள்விக்கு 40-ல் கிடைக்காத பதில் 60-ல் கிடைப்பது அபூர்வம். அதனால் 20-லிருந்து 40 வரை எது நன்றாகக் காட்டுகிறது என்பதை வைத்தே இங்கே தரம் பிரிக்கிறேன்.

நடுத்தர விலை என்று நான் சொல்வது, சுவரோவ்ஸ்கி, லைகா போன்றவர்களின் உச்சத் தட்டு ஸ்கோப்புகளின் விலையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கும் அதற்கு முன்பின்னும் உள்ள தட்டு. வோர்டெக்ஸ் வைப்பர் எச்டி, லூபோல்ட் எஸ்எக்ஸ்-4 ப்ரோ கைட் எச்டி, செலஸ்ட்ரான் ரீகல் எம்2 மூன்றும் இதில் நேருக்கு நேர் மோதுகின்றன. ஒரு படி கீழே வோர்டெக்ஸ் டைமண்ட்பேக் எச்டி. சின்ன ஸ்கோப்பில் மேவன் எஸ்.2, இன்னும் மலிவாக கோவா டிஎஸ்என்-501.

பைனாகுலர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தேடுவதற்கு பைனாகுலர் போதும், சொல்லப்போனால் அதுதான் சிறந்தது. கண்டுபிடித்த பிறகு அது சுடத்தக்க விலங்குதானா என்று உறுதி செய்யத்தான் ஸ்கோப். அலாஸ்காவில் டால் காட்டுச் செம்மறிக் கிடாயை எடுத்துக்கொள்ளுங்கள். பல வேட்டைப் பகுதிகளில் கொம்பு முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பின் நுனியும் உடைந்திருக்க வேண்டும், அல்லது கிடாய்க்கு 8 வயதாவது ஆகியிருக்க வேண்டும். வயதைக் கொம்பின் வருட வளையங்களை எண்ணித்தான் சொல்ல முடியும். எதிர் மலைச் சரிவில் படுத்திருக்கும் கிடாயின் கொம்பில் வளையத்தை எண்ண 10x பைனாகுலர் உதவாது. துப்பாக்கி ஸ்கோப்பை வைத்து எண்ணிப் பார்க்கலாமே என்று நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். அடையாளம் தெரியாத ஒன்றின்மேல் துப்பாக்கியை நீட்டிப் பார்ப்பது வேட்டையில் மன்னிக்க முடியாத பழக்கம்.

85-க்கும் 65-க்கும் நடுவே

முடிவெடுக்கத் திணறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நிறுவனம் எது என்பதைவிட இது முக்கியம் என்பது என் கட்சி.

முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகே வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 25x-ல் வைத்துப் பார்த்தால் 85 மி.மீ. ஸ்கோப்பில் அது 3.4 மி.மீ., 65-ல் 2.6, 56-ல் 2.2. நல்ல வெளிச்சத்தில் நம் கண்மணி 2 முதல் 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அதனால் பகலில் மூன்றுக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு பெரிதாகத் தெரியாது. காலைக் கருக்கலிலும் பொழுது சாயும்போதும் கண்மணி விரியும். மான் வெளியே வருவதும் அந்த நேரத்தில்தான். அப்போது 85 தனியே நிற்கும்: பரப்புக் கணக்கில் 65-ஐவிட சுமார் 70 சதவீதம் கூடுதல் ஒளி. புதரின் நிழலில் நிற்கும் மானின் நெற்றிக்கு மேல் ஏதோ இருக்கிறது என்று 65 காட்டும். அது கொம்பா, பின்னால் இருக்கும் கிளையா என்று இன்னும் பத்து இருபது நிமிடத்துக்குச் சொல்ல 85-ஆல் முடியும்.

ஆனால் 60x-ல் வைத்தால் அதே 85-இன் ஒளிவட்டம் 1.4 மி.மீ.தான். 45x-ல் 65-க்கும் அதே 1.4தான். உச்ச ஜூமில் இரண்டும் ஒரே அளவு இருட்டு. பெரிய லென்ஸுக்குக் கொடுத்த காசை ஜூம் வளையத்தைக் கடைசிவரை திருப்பியே வீணாக்கலாம்.

நண்பகலில் கதையே வேறு. வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மானின் கால்கள் ஓடுகிற தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் நெளியும். அந்த நேரத்தில் 30x தாண்டிப் போய்ப் பயனில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பும் இந்தக் காற்றைத் தெளிய வைக்காது. ஸ்கோப்பைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களில் சிலர் உண்மையில் கானலைத்தான் திருப்பி அனுப்புகிறார்கள்!

சரி, எடை. வைப்பர் எச்டி 85 இரண்டு கிலோவைத் தாண்டும். அதைத் தாங்க உறுதியான ட்ரைபாட் வேண்டும், அதன் தலையும் கனமாக இருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்தால் முதுகில் நாலு கிலோவுக்குக் குறையாது. வண்டியிலிருந்தோ முகாமுக்குப் பக்கத்து மேட்டிலிருந்தோ பார்ப்பவருக்கு அது பொருட்டே இல்லை. நாள் முழுக்க ஏறி இறங்குபவருக்கு 65 போதும் என்பேன். சுமக்கப் பயந்து முகாமில் விட்டுவந்த 85-ஐவிடப் பையில் இருக்கும் 65 மேல்.

மூவரில் யார்

வைப்பர் எச்டி (15-45x65, 20-60x85), எஸ்எக்ஸ்-4 (அதே இரண்டு அளவு) இரண்டுக்கும் 30x-ல் படத்தில் வேறுபாடு கண்டுபிடிப்பது கஷ்டம். இரண்டும் நேர்க்குழாயாகவும் (கண் வைக்கும் பக்கம் குழாயின் நேர்க்கோட்டில்) சாய்குழாயாகவும் (கண் வைக்கும் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்து) கிடைக்கின்றன, இரண்டும் மழையைத் தாங்கும், இரண்டுக்கும் ஆயுள்கால உத்தரவாதம் உண்டு. வைப்பரில் குழாயைச் சுற்றிய அகல வளையம்தான் ஃபோகஸ். கையுறை போட்ட கைக்கு அது வசதி. வோர்டெக்ஸின் உத்தரவாதம் ஸ்கோப்பைப் பின்தொடரும், ஆளை அல்ல. ரசீது கேட்க மாட்டார்கள், பழையது வாங்கியவருக்கும் செல்லும். தொலைந்துபோனதும் திருடுபோனதும் வேண்டுமென்றே உடைத்ததும் சேராது. பாறைமேல் விழும் வாய்ப்புள்ள பொருளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. விலை சமமாக இருந்தால் நான் வைப்பரை எடுப்பேன். எஸ்எக்ஸ்-4 தள்ளுபடியில் வந்தால் யோசிக்காமல் அதை.

ரீகல் எம்2 வேறு வழியில் வந்தது. செலஸ்ட்ரான் அடிப்படையில் வானியல் தொலைநோக்கி நிறுவனம், அது இதில் நன்றாகத் தெரியும். ஃபோகஸுக்கு இரட்டைக் குமிழ்: ஒன்று வேகமாக ஓடும், மற்றது நுணுக்கமாக நகரும். 40x-ல் வளையம் எண்ணும்போது அந்த நுணுக்கக் குமிழின் அருமை தெரியும். கண்வில்லையை (கண் வைத்துப் பார்க்கும் பக்கத்து லென்ஸை) கழற்றி, வானியல் தொலைநோக்கிகளுக்கான 1.25 அங்குல வில்லைகளை மாட்டலாம். அகலக் கோணம் கொண்ட 25x, 30x வில்லை ஒன்றைப் போட்டால், ஜூமில் குறுகித் தெரிகிற காட்சி விரிந்துவிடும். ஜூம் உச்சமே தேவையில்லை என்று நம்புகிற என்னைப் போன்றவருக்கு இது பெரிய கவர்ச்சி. குறை என்னவென்றால் இது சாய்குழாயாக மட்டுமே வருகிறது. மேலும் அந்தக் கழற்றுகிற இடத்தில் தூசியும் ஈரமும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைமழையில் வில்லை மாற்றுகிற வேலை வேண்டாம்.

டைமண்ட்பேக் எச்டி 20-60x85 ஏறக்குறைய 1.7 கிலோ, வைப்பரைவிட லேசு, விலையும் கணிசமாகக் குறைவு. 30x வரை தன் அண்ணனான வைப்பரிடம் பெரிதாகத் தோற்காது. அதற்கு மேல் வானத்தை ஒட்டிய கொம்பின் விளிம்பில் ஊதா நிறக் கோடு தெரியத் தொடங்கும். மிச்சமாகும் பணம் ட்ரைபாடுக்குப் போகும் என்றால் நல்ல தேர்வுதான்.

சின்னவை

மேவன் எஸ்.2 என்பது 12-27x56. எடை ஒரு கிலோவுக்குள். உச்சம் 27 என்பதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு, எனக்கு அதுதான் நேர்மையான எண்ணாகப் படுகிறது. 27-லும் ஒளிவட்டம் 2 மி.மீ. இருக்கிறது. கோவா டிஎஸ்என்-501 (20-40x50) வெறும் 400 கிராம் சொச்சம், சட்டைப் பைக்குள் இல்லையென்றாலும் பக்கப் பைக்குள் போகும். 40x-ல் அதனிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது, 20-25-ல் அது அந்த எடைக்கு ஆச்சரியம். கொம்பின் கிளைகளை எண்ண இரண்டும் போதும். தொலைவிலிருந்து வளையம் எண்ண இரண்டும் போதாது.

நேர்க்குழாயா, சாய்குழாயா

வண்டிக் கண்ணாடியில் பொருத்திப் பார்ப்பவர், பைனாகுலரில் கண்டதைச் சட்டென்று ஸ்கோப்பில் பிடிக்க நினைப்பவர், மேட்டிலிருந்து கீழே பார்ப்பவர் எல்லாம் நேர்க்குழாய் எடுக்கட்டும். மலையடியிலிருந்து மேலே பார்ப்பவருக்கும் உயரம் வேறுபட்ட இரண்டு மூன்று பேர் மாறி மாறிப் பார்ப்பதற்கும் சாய்குழாய். ட்ரைபாடைத் தாழ்வாக வைக்கலாம் என்பதால் காற்றில் ஆட்டமும் குறையும். பழகிவிட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

ட்ரைபாடைப் பற்றி ஒன்று மட்டும். நடுத் தண்டை உயர்த்தாமல் உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கு எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டாவிட்டால் அது உங்கள் ட்ரைபாட் இல்லை. தண்டை உயர்த்திய மறு நிமிடம் 30x படம் நடுங்கத் தொடங்கும், ஃபோகஸைத் தொட்டாலே ஆடும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

இந்த விலையில் ஒரே மாடலின் இரண்டு ஸ்கோப்புகள் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்ப முடியாது. கடைக்குள் சுவரைப் பார்க்காதீர்கள், வெளியே கொண்டு வாருங்கள். வானத்தைப் பின்னணியாகக் கொண்ட இலையில்லாத சுள்ளி ஒன்றைப் பிடித்து, 40x-ல் ஃபோகஸை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நல்ல ஸ்கோப்பில் தெளிவு ஒரே புள்ளியில் டக்கென்று உட்காரும். மோசமானதில் 'இதுவா, இன்னும் கொஞ்சமா' என்று கை தேடிக்கொண்டே இருக்கும். சுள்ளியின் ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை தெரிந்தால், அது காட்சியின் நடுவிலும் தெரிகிறதா, ஓரத்தில் மட்டுமா என்று பாருங்கள். ஓரத்தில் மட்டும் என்றால் பரவாயில்லை. கண்ணாடி அணிகிறவர் கண்கிண்ணத்தை (கண்வில்லையைச் சுற்றிய விளிம்பை) முழுக்க இறக்கி, கண்ணாடியோடு முழு வட்டமும் தெரிகிறதா என்று 20-லும் 40-லும் தனித்தனியே சோதிக்க வேண்டும். அப்புறம், கடையில் இருந்தால் அதே மாடலில் இன்னொரு பெட்டியையும் திறக்கச் சொல்லி, இரண்டையும் அதே சுள்ளியில் வைத்துப் பார்த்து, தெளிவு டக்கென்று உட்காருவதை எடுத்துக்கொள்ளுங்கள்.