ஒரு எஞ்சின், ஐந்து தலை: யாழ்ப்பாணத்து வளவுக்கு எது உதவும்?

யாழ்ப்பாண நகரிலும் சுன்னாகத்திலும் சாவகச்சேரியிலும் மெசின் கடைகளில் இப்போது பெட்டியாக விற்கப்படுகிறது இந்தப் புல்லு வெட்டும் மெசின். இரண்டு ஸ்ட்ரோக் பெற்றோல் எஞ்சின் ஒன்று. அதோடு தங்கூசித் தலை, இரும்பு பிளேற், வேலி கத்தரிக்கும் தலை, நீள்தண்டுச் செயின் வாள், மண் கிளறும் தலை. இரண்டு முதல் நான்கு பரப்புக் காணியில் வீடு வைத்திருப்பவருக்கு இவற்றில் முதல் மூன்றும் உண்மையாகவே வேலை செய்யும். வாள் சில இடங்களில் உதவும். மண் கிளறும் தலை பெட்டியை நிரப்பத்தான்.

வாங்கும்போது எல்லோரும் எஞ்சின் எத்தனை சீசீ (கொள்ளளவு) என்று கேட்கிறார்கள். பார்க்கவேண்டியது தண்டின் நடுவில் உள்ள இணைப்பை. தலையை மாற்ற வசதியாகக் குழாயை இரண்டாகப் பிரித்து, ஒரு ஸ்பிறிங் பொத்தானாலும் கைத்திருகாலும் பூட்டுகிறார்கள். உள்ளே சுழலும் தண்டின் பற்கள் அந்த இடத்தில்தான் ஒன்றோடொன்று கவ்வுகின்றன. குழாய் கொஞ்சம் ஆடினாலும் பற்கள் ஒரு பக்கமாகத் தேயும். பிறகு எஞ்சின் இரையும், தலை சுற்றாது. கடையிலேயே பூட்டச் சொல்லி, இரு கையாலும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். குழாய் 26 மில்லிமீற்றரா 28 ஆ, உள்தண்டு 7 பல்லா 9 பல்லா என்பதையும் குறித்து வையுங்கள். பிறகு உதிரி வாங்கும்போது "அதே கொம்பனிதான்" என்பது உதவாது, பல் எண்ணிக்கைதான் உதவும்.

ஸ்ரிக்கரில் எந்த சீசீ இலக்கமும் அச்சடிக்கலாம். உருளையின் விட்டம் 44, பிஸ்டனின் அடிப்பு நீளம் 34 மில்லிமீற்றர் என்றால் கொள்ளளவு 51.7 சீசீ, விட்டம் 40 என்றால் 42.7. வீட்டு வளவுக்கு 43 சீசீ தாராளம், பாரமும் குறைவு.

எரிபொருள் கலவையில்தான் அதிக எஞ்சின்கள் சாகின்றன. கையேட்டில் 25:1 என்றிருந்தால் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லிலீற்றர் 2ரி (இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான) ஒயில். 50:1 என்றால் 20. கண்மட்டத்தில் ஊற்றாமல் மருந்துச் சிரிஞ்சால் அளப்பது நல்லது. ஒயில் குறைந்தால் பிஸ்டன் சூடேறி உருளையோடு இறுகும். கூடினால் பிளக் கறுத்து, புகைபோக்கி கரியால் அடைபடும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது தலை நிற்கவேண்டும். நிற்காவிட்டால் ஐடில் திருகை (மெது ஓட்ட வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு) குறையுங்கள்; அதற்கும் நிற்காவிட்டால் கிளச் ஸ்பிறிங் போய்விட்டது.

அறுகுக்கும் கோரைக்கும் 2.4 முதல் 3 மில்லிமீற்றர்த் தங்கூசி போதும். எங்கள் வெக்கையில் அது காய்ந்து முறியும். பாவிக்க முதல் ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டால் வளைந்து கொடுக்கும். தகட்டு மறைப்பைக் கழற்றிவிட்டுத் தங்கூசியை நீளமாக விட்டு வெட்டுவோர் பலர். அப்படிச் செய்தால் எஞ்சின் வேகம் குறைந்து, கிளச் வழுக்கிக் கருகும். கல்லும் காலுக்கு வரும். வலிகாமத்துச் செம்மண்ணில் சுண்ணாம்புக்கல் துண்டு இல்லாத இடம் குறைவு, எனவே இரும்பு பிளேற்றைப் பற்றைக்கு மட்டும் வையுங்கள். அதன் நட்டு இடப்புரி: மணிக்கூட்டுத் திசையில் திருப்பினால்தான் கழலும். தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கிப் புரியை உடைப்பதுண்டு. வீச்சு வலமிருந்து இடம். பிளேற்றின் முன்வலப் பகுதி தடியில் பட்டால் மெசின் உதைக்கும். பார்த்தீனியத்தை வெட்டினால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். மழைக்குப் பிறகு, பூக்க முன், கையுறையோடு வேரோடு பிடுங்குவதே சரி. மீள்குடியேறிய காணியென்றால், கண்ணிவெடி அகற்றி முடித்த இடம் என்று உறுதியாகத் தெரியாமல் எந்தத் தலையையும் இறக்கவேண்டாம்.

வேலித் தலைதான் இந்தப் பெட்டியின் எதிர்பாராத நன்மை. பூவரசு, சீமைக்கிளுவை வேலிகளின் இளங்கிளைகளை நேர்கோட்டில் கத்தரிக்கும். பெருவிரல் தடிப்புக்கு மேல் போகாதீர்கள், பற்கள் கவ்வி நின்றுவிடும். அங்கே கத்திதான். வெட்டும் கிளையின் சாறு பிளேற்றில் பிசினாக ஒட்டும். வேலை முடிந்தவுடன் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து ஒயில் பூசினால் அடுத்த முறை இறுகாது. முட்கம்பி ஓடும் வேலியென்றால் முதலில் கம்பியைத் தேடுங்கள்.

வாளால் முருங்கைக் கொப்பு வெட்டும்போது முதலில் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. இல்லாவிட்டால் கொப்பு விழுகையில் பட்டை மரத்தோடு கிழியும். தென்னோலை நார் செயினில் சுற்றும், ஓலைக்குக் கொக்கத்தடியே நல்லது. பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் செயின் ஒயிலையும் நிரப்புங்கள். மின்கம்பி அருகே போகவே வேண்டாம்.

மண் கிளறும் தலை காய்ந்த செம்மண்ணில் துள்ளும், ஈரத்தில் மண் அப்பும், கல்லில் பல் வளையும். மண்வெட்டி இதைவிட வேகம்.

இங்கே புல் வளர்வது பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரை. மீதி மாதங்களில் மெசின் மூலையில் கிடக்கும், கெடுவதும் அப்போதுதான். தாங்கியில் விட்ட கலவை ஆவியாகி, ஒயில் பிசுபிசுத்து, காபரேற்றரின் மெல்லிய றப்பர்த் தகடு விறைக்கும். அடுத்த மாரிக்குக் கயிற்றை இழுத்துக் கை நோகும். கடைசி வெட்டு முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். காற்று வடிகட்டிப் பஞ்சைச் சவர்க்காரத்தில் கழுவிக் காயவிடுங்கள். பிளேற் பக்கக் கியர்ப் பெட்டிக்கு 20 முதல் 25 மணித்தியால வேலைக்கு ஒருமுறை கிறீஸ். தீவுப்பகுதியில் உப்புக் காற்றால் திருகுகள் துருப்பிடித்து இறுகும், அங்கே அவற்றுக்கும் கொஞ்சம் பூசி வையுங்கள்.

பணத்தைக் கட்டமுன் கடையிலேயே ஸ்ரார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கள். றப்பர்த் தகடு, கயிற்று ஸ்ரார்ட்டர், உள்தண்டு, கிளச் ஆகிய நான்கும் அதே கடையில் கிடைக்குமா என்றும் கேளுங்கள். மண் கிளறும் தலை இல்லாமல் தருவார்களானால் விலையைப் பேசுங்கள்.